ஓட்டுப் போடாதவர்களுக்கும் ஒரு வாக்கியம்

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளுக்கும் வாக்கு எண்ணிக்கை தடாகம் சாலையில் உள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் நடந்தது. ஆர்.எஸ்.புரத்துக்காரர்களுக்கு அது பக்கத்து இடம். வேறொரு தேர்தலாக இருந்திருந்தால் மதியத்துக்கெல்லாம் டி.பி. ரோட்டில் சரவெடி காதைப் பிளந்திருக்கும். அன்று கொரோனாவுக்காக ஞாயிறு முழு ஊரடங்கு. வெற்றி ஊர்வலங்களுக்குத் தேர்தல் ஆணையமும் தடை போட்டிருந்தது. கடைகள் அடைத்துக் கிடக்க, ஊர் முழுக்க வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து முடிவைப் பார்த்தது.

முடிவு இரண்டு விதமாக வந்தது. மாநிலத்தில் 234 இடங்களில் திமுக கூட்டணிக்கு 159. கோவை மாவட்டத்தில் அதே கூட்டணிக்கு ஓர் இடம்கூட இல்லை. மேட்டுப்பாளையம் முதல் வால்பாறை வரை ஒன்பது தொகுதிகள் அதிமுகவுக்கு, கோவை தெற்கு பாஜகவுக்கு. சென்னையில் புதிய ஆட்சியை வரவேற்றுக்கொண்டிருந்த அதே இரவில் கோவை, தோற்ற பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

வெற்றி உறுதியான பிறகு மு.க.ஸ்டாலின் பேசியவற்றில் கோவையின் காதில் தங்கிப்போனது ஒன்றுதான். எங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் மகிழும்படி நடப்போம். போடாதவர்கள், இவர்களுக்குப் போடாமல் விட்டுவிட்டோமே என்று வருந்தும்படி நடப்போம் என்ற பொருளில் அவர் சொன்னார். மற்ற ஊர்களில் அது பத்தோடு பதினொன்றாகக் கடந்து போயிருக்கலாம். கோவையில் அப்படிப் போகவில்லை. ‘போடாதவர்கள்’ என்று அவர் யாரைச் சொல்கிறார் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

வெற்றி உரையில் இப்படி ஒரு வாக்கியம் ஏன் வேண்டியிருக்கிறது? பெருந்தன்மை என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரியும். நம் தேர்தல் கணக்கே அதைக் கேட்கிறது. நம்மிடம் வெல்வதற்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டியதில்லை. அடுத்தவரைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். கோவை தெற்கையே எடுத்துக்கொள்வோம். பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209 வாக்குகள். மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481. காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. பெரும்பாலான சுற்றுகளில் கமல்தான் முன்னால் இருந்தார். கடைசிச் சுற்றுகளில் நிலைமை புரண்டு, 1,728 வாக்கு வித்தியாசத்தில் வானதி ஜெயித்தார். அவருக்கு அடுத்து வந்த இருவரின் வாக்கைக் கூட்டினால் 93,864. அதாவது அந்தத் தொகுதியில் ஓட்டுப் போட்ட மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் வேறு யாரையோ விரும்பினார்கள். மாநிலக் கணக்கும் அதே ஜாடைதான்: திமுக கூட்டணி பெற்றது சுமார் 45 சதவீதம். வெற்றி மேடைக்கு முன்னால் நின்று கை தட்டுவது கட்சிக்காரர்கள். அந்தப் பேச்சை வீட்டிலிருந்து கேட்கிறவர்களில் பாதிக்கு மேல், அவர் ஜெயிக்க வேண்டாம் என்று பட்டனை அழுத்தியவர்கள்.

அரசியல் அறிஞர்கள் இதைத் தோற்றவர்களின் சம்மதம் என்கிறார்கள். ஜெயித்தவர் கொண்டாடுவதால் ஜனநாயகம் நிலைத்துவிடாது. தோற்றவர்கள், சரி, இது என் அரசும்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலை முதல் முறையாகக் கேட்டு வாங்குகிற இடம் வெற்றி உரை. தோற்ற தலைவருக்கும் இதில் பங்கு உண்டு. 2008 நவம்பரில் ஒபாமா சிகாகோவில் தனக்கு ஓட்டுப் போடாதவர்களைப் பார்த்தும் பேசினார். அதற்குச் சற்று முன்பு, தோற்ற ஜான் மெக்கெய்ன் தன் பேச்சின் நடுவே கூச்சலிட்ட சொந்த ஆதரவாளர்களை அடக்கினார். தமிழகத்திலும் 2021இல் எடப்பாடி பழனிசாமி வாழ்த்துச் சொன்னார். உங்கள் ஆலோசனையும் ஒத்துழைப்பும் தேவை என்று ஸ்டாலின் பதில் சொன்னார். கருணாநிதியும் ஜெயலலிதாவும் மாறி மாறி ஆண்ட காலத்தைப் பார்த்த தலைமுறைக்கு அந்த வாழ்த்தும் பதிலும் ஆறுதலாக இருந்தன.

ஆனாலும் கோவையில் பலர் அந்த வாக்கியத்தைச் சந்தேகத்தோடுதான் கேட்டார்கள். அதைக் கட்சி விசுவாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த ஊருக்கு நினைவு அதிகம்.

ஆர்.எஸ்.புரத்து உழவர் சந்தையைப் பாருங்கள். உழவர் சந்தைத் திட்டம் 1999இல் கருணாநிதி ஆட்சியில் வந்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கத்து விவசாயி விடிவதற்கு முன் கீரைக் கட்டையும் தக்காளிக் கூடையையும் இறக்கி, இடைத்தரகர் இல்லாமல் தானே தராசு பிடித்து விற்க ஓர் இடம் கிடைத்தது. 2001இல் ஆட்சி மாறியது. திட்டம் கேட்பாரற்றுப் போய், மாநிலத்தின் பல ஊர்களில் சந்தைகள் வெறிச்சோடின. 2006இல் மறுபடி ஆட்சி மாறிய பிறகுதான் அவற்றுக்கு உயிர் வந்தது. விவசாயி அதே விவசாயி, கத்தரிக்காய் அதே கத்தரிக்காய். கோட்டையில் ஆள் மாறியதற்கு இங்கே கூடை தூக்குகிறவர் விலை கொடுத்தார். இதைக் கண்ணால் பார்த்தவர், எல்லோருக்குமான ஆட்சி என்று யார் சொன்னாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் தலையாட்டுவார்.

இன்னொரு நினைவு மின்வெட்டு. 2008க்குப் பிறகு கோவையின் ஜாப் ஆர்டர் பட்டறைகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு லேத்தும் நாலு பேரும் வைத்துக்கொண்டு பம்புக்கும் கிரைண்டருக்கும் பாகம் செய்து கொடுப்பவர்களுக்குக் கரண்ட் போனால் அன்றைய கூலி போச்சு. 2011 தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்குப் போனதில் அந்த இருட்டுக்கும் பங்கு உண்டு. 2016இல் திமுகவுக்குக் கிடைத்தது சிங்காநல்லூர் ஒன்றுதான். 2021இல் அதுவும் போயிற்று.

எனவே அன்று இந்த ஊரில் எழுந்த எதிர்வினை ஒரே மாதிரி இல்லை. ஓட்டுப் போடாதவரைப் பற்றியும் பேசினாரே, அதுவே பெரிசுங்க என்றவர்கள் இருந்தார்கள். வருந்தும்படி என்ற சொல்லில் ஒரு மிரட்டல் தொனியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். பேச்சு கிடக்கட்டும், மந்திரிசபையில் நம்ம மாவட்டத்துக்கு ஆள் உண்டா என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஆளுங்கட்சிக்கு எம்.எல்.ஏ.வே இல்லாத மாவட்டத்திலிருந்து அமைச்சர் எங்கே வருவார்? நான் அந்தச் சொல்லில் மிரட்டலைக் கேட்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்டவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். வென்றவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பதைவிட, கேட்கிறவர் எந்த அனுபவத்திலிருந்து கேட்கிறார் என்பதுதான் வெற்றி உரையின் பொருளைத் தீர்மானிக்கிறது.

மே 7ஆம் தேதி ஆளுநர் மாளிகையில் எளிமையாகப் பதவியேற்பு நடந்தது. ‘முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்’ என்ற தொடக்கம் அன்றைக்கே எல்லோர் கைப்பேசியிலும் ஓடியது. அதற்குப் பின்னால் வந்த சொற்களைக் கவனித்தவர்கள் குறைவு. அரசியல் சாசனத்தின் மூன்றாவது அட்டவணையில் உள்ள அந்த உறுதிமொழி, அச்சமோ ஒருதலைச் சார்போ விருப்போ வெறுப்போ இல்லாமல் எல்லா மக்களுக்கும் நியாயம் செய்வேன் என்று சொல்ல வைக்கிறது. வெற்றி உரைக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. அதை மீறியதாக யார் மீதும் வழக்குப் போட முடியாது. பதவிப் பிரமாணம் வேறு. அதை எடுக்காமல் நாற்காலியில் உட்கார முடியாது. ஆக, ஓட்டுப் போடாதவர்களுக்கான வாக்கியத்தை ஒரு முதல்வர் தன் விருப்பத்தின் பேரில் ஒரு முறை சொல்கிறார், சட்டப்படி இன்னொரு முறை சொல்கிறார்.

அன்று கையெழுத்தான ஐந்து உத்தரவுகளில் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் நிவாரணமும், ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பும், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணமும் இருந்தன. ஊரடங்கால் பஸ்கள் உடனே நின்றுபோயின. மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, காந்திபுரத்தில் ஏறுகிற பெண்ணிடம் நீ யாருக்குப் போட்டாய் என்று கண்டக்டர் கேட்கவில்லை. ஆயிரம் மேடைப் பேச்சைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

உண்மையான சோதனை மே கடைசியில் வந்தது. தினசரி தொற்றில் கோவை சென்னையையே முந்தியது. ஒரே நாளில் நாலாயிரத்துக்கு மேல். ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தவர்களும் தடுப்பூசி முகாம் வாசலில் அதிகாலையிலிருந்து காத்திருந்தவர்களும் கேட்ட கேள்வி ஒன்றே: நாங்க ஓட்டுப் போடலைன்னு எங்களை ஒதுக்கறீங்களா? மே 30 அன்று ஸ்டாலின் கோவை வந்தார். அன்று சமூக ஊடகங்களில் ‘திரும்பிப் போ’ என்ற கோஷம் அவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் முழுக்கவச உடை அணிந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் போனார். கோவை புறக்கணிக்கப்படவில்லை, எல்லா ஊரும் தமக்கு ஒன்றுதான் என்றார். படத்துக்காகப் போனார் என்று ஒரு தரப்பு சொன்னது. வேறு எந்த முதல்வர் இப்படிப் போனார் என்று இன்னொரு தரப்பு கேட்டது. இரண்டையும் தாண்டி ஒன்று நடந்தது. வெற்றி நாளில் சொன்ன சொல்லை ஒரு மாதத்துக்குள் ஊர் திருப்பிக் கேட்டது. சொன்னவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதே பொருள் தரும் வாக்கியம் இன்னோர் இடத்தில் எப்படித் தோற்றது என்பதற்கு இலங்கை சாட்சி. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீத வாக்கோடு அதிபரானார். வடக்கும் கிழக்கும் பெருவாரியாக சஜித் பிரேமதாசவுக்குப் போட்டிருந்தன. பதவியேற்ற இடம் அனுராதபுரத்தின் ருவன்வெலிசாய. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டிய தூபி அது. சிங்களப் பெரும்பான்மையின் ஆதரவாலேயே வெல்ல முடியும் என்று அறிந்திருந்ததாகவும், தமிழரும் முஸ்லிம்களும் தான் எதிர்பார்த்த அளவுக்குச் சேரவில்லை என்றும் அங்கே அவர் சொன்னார். எல்லோருக்கும் தானே அதிபர் என்றும் சொன்னார். தமிழர்கள் காதில் முதல் பாதியும் அந்த இடமும்தான் விழுந்தன. அடுத்த பிப்ரவரி சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் புதைக்க விடாமல் எரிக்க வைத்தார்கள். 2022 ஜூலையில், அவருக்குப் போட்ட மக்களே தெருவுக்கு வந்து விரட்ட, அவர் நாட்டை விட்டு ஓடினார். 2024இல் பதவியேற்ற அநுர குமார திசாநாயக்க, தான் மந்திரவாதி அல்ல, தனக்குத் தெரியாதவையும் உண்டு என்று அடக்கமாகப் பேசினார். அதிபர் தேர்தலில் அவருக்குப் பெரிதாகப் போடாத யாழ்ப்பாணம், இரண்டே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தலில் அவர் அணிக்கு மூன்று இடங்களைக் கொடுத்தது.

கோவையும் பிறகு திரும்பியது. 2022 பிப்ரவரியில் மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96 திமுக கூட்டணிக்குப் போயின. 2024 மக்களவைத் தேர்தலில் கணபதி ராஜ்குமார், அண்ணாமலையை 1,18,068 வாக்கில் வென்றார். அந்த ஜூன் 15ஆம் தேதி கொடிசியா மைதானத்தில் திமுக முப்பெரும் விழாவே எடுத்தது. இதையெல்லாம் ஒரு வாக்கியத்தின் சாதனை என்று எழுதினால் அது பொய். உள்ளாட்சியில் ஆளுங்கட்சி ஜெயிப்பது வழக்கம். பரிசுப் பொருள் புகார்களும் அப்போது பறந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவினாசி சாலை மேம்பாலம் அதிமுக ஆட்சியில், 2020இல் தொடங்கப்பட்டது. ஆட்சி மாறியும் வேலை நிற்கவில்லை. சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து, ஜி.டி.நாயுடு பெயரோடு 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. உழவர் சந்தைக்கு 2001இல் நேர்ந்தது இந்தப் பாலத்துக்கு நேரவில்லை.

அரசியல் மேடைச் சொல் இந்த ஊருக்கு ஒருபோதும் லேசானதல்ல. 1998 பிப்ரவரி 14 அன்று அத்வானியின் தேர்தல் கூட்டம் ஆர்.எஸ்.புரத்தில் ஏற்பாடாகியிருந்த மாலையில் ஊர் முழுக்கக் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு அண்டை வீட்டாரைச் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொண்ட தெருக்கள் இங்கே உண்டு. இப்படிப்பட்ட ஊரில் எல்லோருக்குமான அரசு என்பதைச் சடங்குக்காகச் சொல்லக் கூடாது.

அடுத்த முறை யார் ஜெயித்துப் பேசினாலும், உங்களுக்குப் பிடித்த தலைவரானாலும் பிடிக்காதவரானாலும், தனக்குப் போடாதவர்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதை மட்டும் தேதியோடு குறித்து வையுங்கள். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது அந்தத் தாளோடு போங்கள். நீங்கள் ஓட்டுப் போட்டவர் ஜெயித்திருந்தால், ஓட்டுப் போடாத பக்கத்துத் தெருவுக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.