படத்தில் இல்லாத மனைகள்

'நகர்' என்னும் சொல் பழந்தமிழிற் பேரூரை மாத்திரமன்றி, ஒருவர் வாழும் மனையையுங் குறித்து வழங்கியது. மனையாகுந் தன்மை இல்லாதது நகராகாது என்பது அதனால் நாம் கொள்ளத்தக்க கருத்து. புதிதாய் விடுதலை பெற்ற தேசமொன்று தன் கனவுக்கு உருக்கொடுத்த சண்டிகார் நகரை இக்கருத்துடன் நோக்குவோம்.

1947 இற் பஞ்சாப் பிளவுண்டபோது அதன் தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. இந்தியப் பகுதிக்குப் புதிய தலைநகர் வேண்டப்பட்டது. பழைமையின் தளைகளினின்று நீங்கியதாக அது விளங்கவேண்டுமென நேரு விரும்பினார். 1951 இல் அப்பணியை ஏற்ற கட்டடக் கலைஞர் லெ கோர்புசியே நகரை மனித உடலாகக் கண்டார். அரசு மாளிகைகள் தலை, கடைத்தெரு இதயம், சோலைகள் நுரையீரல், வீதிகள் குருதிக் குழாய்கள். நிலமோ 1,200 மீற்றர் நீளமும் 800 மீற்றர் அகலமுங் கொண்ட பகுதிகளாக வகுக்கப்பட்டது. ஐந்து இலட்சம் மக்களைக் கருதி எழுந்த திட்டம் அது.

உறுப்புக்கள் யாவும் செவ்வனே அமைந்தன. ஆயின், அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்த சிற்றூரார்க்கு அவ்வுடலில் இடம் யாது? அவர்தம் மனைகள் இடிக்கப்பட்டன. கல்லும் மண்ணுஞ் சுமந்து மாளிகை எழுப்பிய கூலியாளர் குடிசைகளில் வாழ்ந்தனர். அக்குடிசைகளுக்குப் படத்தில் இடமில்லை.

அக்காலத்தில் அங்கே நேக் சந்த் என்னும் வீதி மேற்பார்வையாளர் பணியாற்றினார். அவரும் பிரிவினையால் ஊரிழந்து வந்தவரே. இடிந்த மனைகளின் ஓடுகளையும் உடைந்த பீங்கான்களையும் வளையல்களையும் பொறுக்கிச் சென்று, கட்டடம் விலக்கப்பட்ட காட்டினுள் மறைவாகப் பாவைகள் சமைத்தார். பல ஆண்டுகளின் பின்னரே அதிகாரிகள் அதனை அறிந்தனர். சட்டப்படி அழித்தற்குரியதாயினும் அது அழிக்கப்படவில்லை. 1976 இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று சண்டிகாரைக் காண வருவோர், படத்தில் இல்லாத அப்பூங்காவையுந் தேடிச் செல்கின்றனர். அழிந்த சிற்றூர்கள் அங்ஙனம் மீண்டன போலும்!

2015 இல் இந்திய அரசு நூறு 'ஸ்மார்ட்' நகர்களை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சண்டிகாரும் அவற்றுள் ஒன்றாயிற்று. வீதிகளைக் கண்காணிக்கக் கமராக்கள் வந்தன. செய்திகளை ஒருங்கே திரட்ட நிலையம் எழுந்தது. இவை நல்லனவே. ஆயினும், கருவி தனக்குக் காட்டப்பட்டதையே காணும். காட்டப்படாதவர் எவரென வினவுதல் மாந்தர் கடன்.

ஆதலின், நகரமைப்போர் படம் வரையுமுன் அந்நிலத்திற் கால்வைத்து நடப்பாராக. அங்கே எரியும் அடுப்பு எவருடையதெனக் கேட்பாராக. மனையிழந்தார்க்கு மனை கொடாத ஊர், மாளிகை பல உடையதேனும், நகரென்னும் பெயர்க்கு உரியதாகாது.