மழலை மலரும் பருவம்

குழந்தையின் மழலையைக் கேட்டு மகிழாத இல்லம் இல்லை. மக்கட்பேற்றின் சிறப்பைக் கூறவந்த திருவள்ளுவர் மழலைச் சொல்லின் இனிமையைத் தனியே எடுத்துப் போற்றினார். ஆயினும் மழலை கேட்பவர்க்கு இன்பம் தருவதோடு நிற்பதன்று. அது குழந்தை மேற்கொள்ளும் பெருமுயற்சியும் ஆகும். ஒரு சொல்லைப் பேசுதற்கு முன் குழந்தை அதனைப் பன்முறை கேட்கின்றது. பேசுவோர் முகத்தை உற்று நோக்குகின்றது. சொல்லையும் பொருளையும் இணைத்து உணர்கின்றது. பின்னர் மூச்சையும் நாவையும் இதழையும் அடக்கி ஆண்டு அச்சொல்லை ஒலிக்க முயல்கின்றது. இவற்றுள் எங்கேனும் தடை நேரின் அதனைக் காலத்தே கண்டறிந்து, குழந்தையும் சுற்றத்தாரும் ஒருவரையொருவர் உணர்ந்துகொள்ளத் துணைபுரிவதே பேச்சுப் பயிற்சி எனப்படும்.

பேச்சொலி எங்ஙனம் பிறக்கின்றது என்னும் ஆராய்ச்சி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்னும் இயல் இதற்கெனவே அமைந்துள்ளது. உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்துகளாகப் பிறத்தலை அவ்வியல் விளக்குகின்றது. இதழ்கள் இரண்டும் பொருந்தப் பகரமும் மகரமும் பிறக்கும். நாவின் அடி அண்ணத்தின் அடியைப் பொருந்தக் ககரமும் ஙகரமும் பிறக்கும். இன்றைய பேச்சுப் பயிற்சியாளர் குழந்தையைக் கண்ணாடி முன் அமர்த்திக் காட்டுவதும் இத்தகைய இடங்களையும் முயற்சிகளையுமே ஆகும்.

இதழில் பிறக்கும் ஒலிகள் கண்ணுக்குத் தெரிவன, முயற்சியும் எளியன. ஆகவே ‘அம்மா’, ‘அப்பா’ என்னும் சொற்கள் குழந்தையின் வாயில் முன்னரே தோன்றுகின்றன. நாவின் அடியை உயர்த்திச் சொல்லும் ககரம் எல்லாக் குழந்தைகட்கும் எளிதாக வாய்ப்பதில்லை. சில குழந்தைகள் ககரத்திற்குத் தகரத்தைக் கூறும்; அவற்றின் வாயில் ‘காக்கா’ என்பது ‘தாத்தா’ ஆகிவிடும். ரகரமும் ழகரமும் இன்னும் பிற்பட்டே கைகூடும். மூன்று வயதுக் குழந்தை ‘ராஜா’வை ‘லாஜா’ என்றால் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. பிறர் உணர இயலாத அளவுக்கு ஒலிப்பிழை மிகுந்து, அது பள்ளியிற் சேரும் வயதிலும் நீடிப்பின், பயிற்சியாளரை நாடுதல் வேண்டும்.

ஒலிப்பிழையைத் திருத்துதலே பேச்சுப் பயிற்சி எனப் பலர் கருதுகின்றனர். அஃது அதன் ஒரு பகுதியே. சொல் பிறப்பதற்கு முன்னரே தாய்க்கும் சேய்க்கும் இடையே ஓர் உரையாடல் தொடங்கிவிடுகின்றது. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 12ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழை இயற்றினார். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது. சப்பாணிப் பருவத்தில் குழந்தை கைகொட்டுகின்றது. வாரானைப் பருவத்தில் ‘வருக’ என்னும் அழைப்பைக் கேட்டுத் தளர்நடையிட்டு வருகின்றது. அம்புலிப் பருவத்தில் நிலவைக் காட்டி, குழந்தையோடு விளையாட வருமாறு அதனை அழைக்கின்றனர்.

நிலவைக் காட்டும் இவ்வெளிய விளையாட்டில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. தாய் விரலால் சுட்டுகின்றாள். குழந்தை அவள் விரலை நோக்காது, விரல் காட்டும் நிலவை நோக்குகின்றது. பின்னர்த் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கின்றது. இருவர் உள்ளமும் ஒரு பொருளில் ஒன்றுபடும் இந்நிலையிலேயே அப்பொருளுக்குப் பெயர் உண்டென்பது குழந்தைக்கு விளங்குகின்றது. ஆதலால், பேச்சுக் குறைந்த குழந்தையைக் காணும் பயிற்சியாளர் அது எத்தனை சொல் பேசும் என்பதை மட்டும் வினவுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகின்றதா, விரும்பிய பொருளைச் சுட்டிக் காட்டுகின்றதா, தன் மகிழ்ச்சியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள நோக்குகின்றதா என்பவற்றையும் ஆராய்வார்.

குழந்தைகள் எல்லாம் ஒரே நாளில் பேசத் தொடங்குவதில்லை. எனினும் பொதுவான ஓர் ஒழுங்கு உண்டு. ஏறத்தாழ ஓராண்டு நிறையும்போது முதற்சொல் தோன்றும். இரண்டு ஆண்டு நிறையும்போது ஐம்பது சொற்கள் வரை அமைந்து, ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என இரு சொற்களை இணைக்கும் ஆற்றல் பிறக்கும். மூன்றாம் ஆண்டு முடிவில் குழந்தையின் பேச்சின் பெரும்பகுதி அயலார்க்கும் விளங்கும். இவ்வொழுங்கினின்று ஒரு குழந்தை பெரிதும் பின்தங்குமாயின், காரணத்தை அறிதல் கடமையாகும்.

இக்கடமை தவறும் வகையை அறியத் தஞ்சைப் பகுதியில் ஓர் உழவர் இல்லத்தைக் கருதுக. குழந்தைக்கு இரண்டரை வயதாகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. தாய் கவலையுறுகின்றாள். பாட்டியோ, “இவன் அப்பனும் மூன்று வயதில்தானே வாய் திறந்தான்! ஆண் பிள்ளை மெல்லத்தான் பேசும். வசம்பை உரைத்து நாவில் தடவு, எல்லாம் சரியாகும்” எனத் தேற்றுகின்றாள். “செவி கேட்கிறதோ என்னவோ, அத்தை?” எனத் தாய் ஐயுற, பாட்டி பித்தளைத் தட்டை ஓங்கித் தட்டுகின்றாள். குழந்தை திரும்பிப் பார்க்கின்றது. “பார்த்தாயா?” என்கின்றாள் பாட்டி. அத்துடன் அப்பேச்சு முடிகின்றது. மேலும் ஓராண்டு கழிகின்றது.

பாட்டியின் அன்பில் குறையில்லை. அவள் கூற்றிலும் சிறிது உண்மை உண்டு. பிந்திப் பேசும் குழந்தைகளுள் பலர் தாமாகவே ஏனையோரை எட்டிவிடுகின்றனர். ஆனால் எட்டிவிடும் குழந்தை எது, எட்டாத குழந்தை எது என்பதைப் பார்த்த அளவில் கூற எவராலும் இயலாது. தட்டோசைச் சோதனையோ ஏமாற்றவும் கூடும். செவித்திறன் ஓரளவு குறைந்த குழந்தை, தட்டின் ஓசையையும் கோயில் தவிலின் முழக்கத்தையும் கேட்டுத் திரும்பும். ‘ச’ போன்ற நுண்ணிய ஒலிகள் மட்டும் அதன் செவிக்கு எட்டா. ஆகவே அதற்குச் சொற்கள் சிதைந்தே கேட்கும். சிதைந்து கேட்டதைச் செம்மையாகப் பேசுதல் எங்ஙனம்?

இதனாலேயே பேச்சுப் பயிற்சியின் முதற்படி செவிச் சோதனையாகின்றது. உறங்கும் பச்சிளங்குழந்தையின் செவியில் சிறு கருவியைப் பொருத்தி மெல்லொலியைச் செலுத்துவர். நலமான உட்செவி மிக நுண்ணிய ஓர் எதிரொலியை எழுப்பும். அதனைக் கருவி பதிவு செய்யும். நோவு சிறிதும் இல்லாத இச்சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறந்த ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் உரிய துணை என்பது மருத்துவ உலகம் வகுத்துள்ள நெறியாகும். நெருங்கிய உறவில் நிகழும் மணமும் பிறவிச் செவித்திறன் குறைக்கு ஒரு காரணமாகலாம். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுநாள் நிலவியதாதலின், அத்தகைய குடும்பங்கள் இச்சோதனையைத் தவறாது செய்வித்தல் நலம்.

காலம் இத்துணை இன்றியமையாததாதல் ஏன்? இளங்குழந்தையின் மூளை மொழியை ஏற்பதற்கு மிகவும் இசைந்திருப்பது முதல் சில ஆண்டுகளிலேயாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செய்யப்பெற்ற ஓர் ஆராய்ச்சி 1998இல் வெளியாயிற்று. செவிக்குறை ஆறு மாதத்திற்குள் கண்டறியப்பெற்றுத் துணை பெற்ற குழந்தைகள், பின்னர்க் கண்டறியப்பெற்ற குழந்தைகளினும் மொழித்திறனில் மேம்பட்டு விளங்கியமையை அது காட்டிற்று. காவிரிப் படுகையில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறத்தல் மரபு. அந்நாளில் நீர் வாராத ஆண்டில் குறுவை குன்றும். ஆயினும் குறுவை தவறிய உழவர் சம்பாவைக் கைவிடுவதில்லை. அதுபோலவே பிந்திக் கிடைக்கும் பயிற்சியும் பயனற்றதாகாது. முந்திக் கிடைப்பதே மிகுந்த பயன் தரும்.

பயிற்சி நடைபெறும் அறையைக் காண்போர் வியப்புறுவர். அங்கே மருந்தும் ஊசியும் இல்லை. மரப்பாச்சியும் பந்தும் படப்புத்தகமுமே இருக்கும். பயிற்சியாளர் தரையில் குழந்தையின் முகத்திற்கு நேராக அமர்கின்றார். பந்தை உருட்டிவிட்டுக் காத்திருக்கின்றார். குழந்தை நோக்கினாலும் கையசைத்தாலும் ஓர் ஒலி எழுப்பினாலும் அதனையே விடையாக ஏற்றுப் பந்தை மீண்டும் உருட்டுகின்றார். ஒருவர் பேச ஒருவர் கேட்டல், பின்னர் முறைமாறுதல் என்னும் உரையாடலின் அடிப்படையைக் குழந்தை விளையாட்டாகவே கற்கின்றது.

ஆயினும் அவ்வறையில் உண்மையில் பயிற்சி பெறுபவர் பெற்றோரே எனலாம். வாரத்தில் ஒருமணி நேரம் பயிற்சியாளரிடம் கழியும். எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில் அன்றோ கழிகின்றது? ஆகவே தாய்க்குச் சில முறைகள் கற்பிக்கப்பெறுகின்றன. குழந்தை கேட்குமுன் எல்லாவற்றையும் கொடுத்துவிடாது, “பாலா? பழமா?” என இரண்டையும் காட்டி வினவ வேண்டும். வினவியபின் உடனே தானே விடை கூறாது சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். குழந்தை ‘மாடு’ என்றால், “ஆமாம், மாடு வைக்கோல் தின்கிறது” என அச்சொல்லை வளர்த்துக் கூற வேண்டும். “இது என்ன? சொல், சொல்” என ஓயாது தேர்வு நடத்துதல் கூடாது. கைப்பேசியைக் கொடுத்து அமைதியாக்குவதினும், படித்துறையில் நீராட்டும்போதும் களத்தில் நெல் உலர்த்தும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்தல் நன்று. இதற்குப் பொருட்செலவு இல்லை, பொறுமையே வேண்டும்.

பெற்றோரைத் துணையாகக் கொள்ளும் இந்நெறிக்குச் சென்னையில் 1969இல் தொடங்கப்பெற்ற பால வித்யாலயா சிறந்த சான்றாகும். செவிப்புலன் குறைந்த இளங்குழந்தைகட்கென அமைந்த அப்பள்ளி, கைக்குழந்தைப் பருவத்திலேயே அவர்களை ஏற்றுப் பெற்றோரையும் உடன் பயிற்றுகின்றது. அங்குப் பயின்று, பின்னர்ப் பொதுப் பள்ளிகளிற் சேர்ந்து கற்றோர் பலர். மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் இத்துறையில் வல்லுநரை உருவாக்கி வருகின்றது. உட்செவியில் பொருத்தப்பெறும் காக்ளியர் கருவியையும் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தின்வழி ஏழைக் குழந்தைகள் பெறுகின்றனர். ஆனால் கருவி ஒலியைத் தருமேயன்றிப் பொருளைத் தாராது. ஒலிக்குப் பொருளைத் தருவது நாள்தோறும் வீட்டார் பேசும் பேச்சே.

எல்லாக் குழந்தைக்கும் வாய்ப்பேச்சே வழியாகும் என்பதும் இல்லை. சிலர் சைகை மொழியாலும், சிலர் படங்களைச் சுட்டியும் தம் கருத்தைத் தெரிவிப்பர். அவ்வழிகளும் முழுமதிப்பிற்கு உரியனவே. கருத்தைப் பகிர்தலே நோக்கம். நா அதற்குரிய கருவிகளுள் ஒன்று.

2013ஆம் ஆண்டு நடுவணரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிய அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் மருத்துவக் குழுவினர் குழந்தைகளைச் சோதிக்கின்றனர். குறை காணப்பெற்றோர் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்பப்பெறுகின்றனர். ஆயினும் நடவுக் காலத்தில் ஒருநாட் கூலியை இழந்து, குழந்தையைச் சுமந்து, பேருந்தேறித் தஞ்சைக்கு வந்து செல்லுதல் கடைமடைச் சிற்றூர்த் தாய்க்கு எளிதன்று. அணை நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்திருப்பின் கடைமடை வயல் காயும். அவ்வாறு காயாமற் காப்பவர் ஊரில் உள்ளவரே. சோதனைக்குச் செல்லும் நாளில் வீட்டு வேலையை ஏற்கும் உறவினரும், கற்றுவந்த முறையை நாள்தோறும் குழந்தையோடு ஆடிக் காட்டும் அண்ணனும் அக்காளும் அவ்வாய்க்காலைத் தூர்வாருகின்றவர் ஆவர்.

இளையோர்க்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. இரண்டு முதல் நான்கு வயது வரையில் திக்கிப் பேசுதல் பல குழந்தைகளிடம் தோன்றிப் பெரும்பாலும் தானே மறையும். அப்போது “மெதுவாகப் பேசு” எனக் கடிந்துரைத்தலும், குழந்தை தொடங்கிய சொல்லைத் தாம் முடித்தலும் தீங்கு பயக்கும். தாம் நிதானமாகப் பேசி, இறுதிவரை பொறுத்துக் கேட்டலே செயற்பாலது. திக்கல் நீடிப்பின் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். வகுப்பில் ஒரு மாணவன் திக்கும்போது எழும் சிரிப்பு, அவனை ஆண்டுக்கணக்கில் வாய்மூடச் செய்துவிடும். ‘ஊமை’ என்னும் பட்டப்பெயரோ அதனினும் கொடியது.

பேச்சு நாவில் பிறப்பதாகத் தோன்றினும், அது வளர்வது கேட்பவர் செவியிலும் உள்ளத்திலுமே ஆகும். தன் சொல்லுக்காக ஒருவர் காத்திருக்கின்றார் என்பதை உணர்ந்த குழந்தை மீண்டும் முயல்கின்றது. ஐயம் எழுந்தவுடன் செவியைச் சோதித்து, உரிய துணையை நாடி, வீட்டில் அன்போடு பேசியும் பொறுமையோடு கேட்டும் வருவாராயின், அக்குழந்தை தன் உள்ளத்தில் உள்ளதைத் தனக்கு இயன்ற வழியில் உலகிற்கு உணர்த்தும்.