11 நிமிடத்தில் முகப்பேர் வந்த இதயம்: அதற்குப் பிறகான வாழ்க்கை எப்படி இருக்கும்?

2008 செப்டம்பர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு ஒரு வாகனம் 11 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழியெங்கும் போக்குவரத்துக் காவலர்கள் சாலையை ஒதுக்கித் தந்தார்கள். பீக் அவரில் இந்த ரூட்டில் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், 11 நிமிடத்தில் நியூ ஆவடி சாலையைத் தொடுவதே பெரிய விஷயம். அன்று வாகனத்தில் இருந்தது, விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் இதயம். முகப்பேர் ஃப்ரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையில் அதற்காகக் காத்திருந்தவர் பெங்களூரைச் சேர்ந்த 9 வயது சிறுமி.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. உடலை விட்டு எடுத்த சிறுநீரகம் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். இதயத்துக்குக் கிடைப்பது சுமார் 4 மணி நேரம்தான். அதற்குள் எடுத்து, கொண்டுவந்து, பொருத்தி, துடிக்க வைக்க வேண்டும்.

அந்த 11 நிமிடத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 2013-ல் வெளியான ‘சென்னையில் ஒரு நாள்’ படமும் வந்துவிட்டது. அதற்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றித்தான் பேச்சு குறைவு. இதயத்தைக் கொடுத்த வீடு, வாங்கிய வீடு இரண்டுமே அந்த நாளுக்குப் பிறகு பழையபடி இருப்பதில்லை.

கொடுத்த குடும்பத்துக்கு எது கடினம்?

மூளைச்சாவு என்பது கண்ணுக்குத் தெரியாத மரணம். வென்டிலேட்டர் ஓடும்வரை நெஞ்சு ஏறி இறங்கும், கை சூடாக இருக்கும், மானிட்டரில் துடிப்பு தெரியும். ‘தூங்குற மாதிரிதானே இருக்கான்’ என்று கேட்காத குடும்பம் அரிது. அதனால்தான் சட்டம் கறாராக இருக்கிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்த பிறகே மூளைச்சாவை உறுதி செய்ய முடியும். இது 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் வரும் விதி.

ஹிதேந்திரனின் பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவருமே மருத்துவர்கள். திருக்கழுக்குன்றத்தில் மருத்துவம் பார்த்தவர்கள். மானிட்டரில் தெரியும் துடிப்புக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் தெரிந்திருப்பதால் வலி குறைந்துவிடுமா என்ன? மகனின் இழப்புக்குப் பிறகு இருவரும் உறுப்பு தானத்துக்காக மேடைகளில் தொடர்ந்து பேசினார்கள். துக்கத்துக்கு ஒரு வேலை கொடுப்பது சிலரைத் தாங்கிப் பிடிக்கும். எல்லோராலும் அது முடியும் என்றோ, எல்லோரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றோ எதிர்பார்ப்பது நியாயமில்லை. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

வாங்கியவருக்கு என்ன மாறுகிறது?

முதலில் இதயமே வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆபரேஷனில் ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கலாம். அறுந்த நரம்புகளை அப்படி இணைக்க முடியாது. அதனால் மூளையின் கட்டளை புது இதயத்துக்கு நேரடியாகப் போகாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை இருக்கும். மாடிப்படி ஏறினால் உடனே வேகம் எடுக்காது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே எடுக்கும். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வேகமாகவே ஓடும். நடைப்பயிற்சிக்கு முன்னும் பின்னும் மெதுவாக நடக்கச் சொல்வது இதனால்தான். இன்னொரு சிக்கல், மாரடைப்பு வந்தால்கூட நெஞ்சுவலி தெரியாமல் போகலாம்.

அடுத்தது மாத்திரை. புது இதயத்தை உடல் அந்நியனாகவே பார்க்கும். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை ஆயுள் முழுக்க, பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். நல்லாத்தானே இருக்கேன் என்று நிறுத்தினால் ஆபத்து. கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கருவியை விட்டு, இதயத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது ஆரம்பத்தில் அடிக்கடி நடக்கும். அதனால் வெளியூர்க்காரர்களை முதல் சில மாதங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். ஊர், பள்ளி, வேலை எல்லாம் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

சாப்பாட்டிலும் கட்டுப்பாடு உண்டு. பச்சைக் காய்கறி சாலட், தெருவோர ஜூஸ், பானிபூரிக்கு ‘நோ’. பம்ப்ளிமாஸ் பழம் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அதுவும் கூடாது.

மனசுக்கு?

ஸ்டீராய்டால் முகம் உப்பும், பசி கூடும், எரிச்சல் வரும். கண்ணாடியில் தெரிவது தன் முகம்தானா என்ற குழப்பம் பதின்வயதினருக்கு அதிகம். ‘ஒருத்தர் போனதாலதான் நான் இருக்கேன்’ என்ற குற்ற உணர்ச்சியும் வரலாம். அந்த மரணத்துக்கு இவர்கள் காரணமில்லை என்று புரியவைக்க, வீட்டார் சொல்லும் ஆறுதல் மட்டும் போதாமல் போகலாம். மனநல ஆலோசனை இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. இது பலருக்குத் தெரிவதே இல்லை. ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்து மருந்து கொடுக்கும் அம்மாவுக்கோ கணவருக்கோ அந்த ஆலோசனை தேவைப்படும் என்பது இன்னும் பேசப்படாத விஷயம்.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளுக்கு இடம் உண்டு. ஆனால் மருந்துச் செலவு ஆபரேஷனோடு முடிவதில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியும்போதே, டிஸ்சார்ஜுக்குப் பிறகு மாதாமாதம் மாத்திரைக்கு எவ்வளவு ஆகும், அதில் எவ்வளவு காப்பீட்டில் வரும் என்று மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.