சோவியத் உதவியும் ஹைதராபாத் மருந்துத் தொழிலும்

1961-இல் அமைக்கப்பட்ட இந்தியன் டிரக்ஸ் அண்டு பார்மசூட்டிகல்ஸ் நிறுவனம், சோவியத் நாடு அளித்த கடனையும் நிபுணர்களின் துணையையும் கொண்டு மூன்று ஆலைகளை எழுப்பிற்று. ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகள்; சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள்; ஹைதராபாத்தில் ரசாயனச் சேர்க்கை மருந்துகள். இவற்றுள் ஹைதராபாத் ஆலை தன் பிரதேசத்துக்கு விளைத்த பெரும்பயன் அதன் கணக்கேடுகளில் ஏறாதது.

குடுவையில் நிகழும் ரசாயன வினையைப் பெருங்கலத்தில் நிகழ்த்துவது எளிதன்று. வெப்பம் கட்டுமீறும், கரைப்பான் வீணாகும், படிகம் தூய்மை குன்றும். இவற்றை அடக்கியாளும் நுணுக்கத்தை இளம் ரசாயன நிபுணர் பலர் அங்கே கைவரப் பெற்றனர். அவர்களுள் ஒருவரான அஞ்சி ரெட்டி 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் லேபரட்டரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அத்தகையோர் நிறுவிய ஆலைகளால் ஹைதராபாத் மருந்து மூலப்பொருள் உற்பத்தியில் பெயர் பெற்றது. மருந்துக்கன்றி, செய்முறைக்கு மட்டுமே உரிமை வழங்கிய 1970-ஆம் ஆண்டுப் பேடண்டுச் சட்டம் இல்லையேல் இத்திறமை முடங்கியிருக்கும். அவ்விதி 2005-இல் மாற்றப்பட்டது.

தாய் நிறுவனமோ நஷ்டத்தில் ஆழ்ந்து, 1992-இல் நலிவுற்றதென அறிவிக்கப்பட்டது. பிரதேசம் பெற்ற செல்வமும் விலையின்றி வரவில்லை. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் வெளியேற்றிய நீரிலேயே, சிப்ரோஃப்ளாக்ஸசின் மருந்து சிகிச்சை பெறுவோர் இரத்தத்தில் காணும் அளவையும் மிஞ்சியிருந்ததென்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.