ஓடும் எழுத்தும் உடன்வரும் ஒலியும்

மணிக்கட்டில் அணியும் திறன்கடிகாரத்தின் திரை ஒரு தபால்தலையைவிடச் சற்றுதான் பெரியது. அதில் ஒரு செய்தியின் முதல் பத்தியைக் காட்ட முயன்றால் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களுக்குமேல் நிற்பதில்லை. ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது போன்ற தமிழ்ச் சொல் வந்துவிட்டாலோ அது ஒன்றே இரண்டு வரிகளை எடுத்துக்கொள்ளும். விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் படிக்கலாம். ஆனால் நான்கு வரிக்கு ஒருமுறை தள்ள வேண்டியிருந்தால் படித்த இடம் தவறிப்போகும். எனவே, கண்ணை எழுத்தின்மீது ஓட விடுவதற்குப் பதிலாக எழுத்தையே ஓட விட்டால் என்ன என்னும் எண்ணம் தோன்றியது. இரயில் நிலையங்களில் வலமிருந்து இடமாக நகரும் அறிவிப்புப் பலகை இதன் பழைய வடிவம். திரையின் நடுவில் ஒரு சொல் தோன்றி மறைய, அதே இடத்தில் அடுத்த சொல் தோன்றுவது மற்றொரு வடிவம்.

இந்த இரண்டாவது முறையை ஆய்வாளர்கள் ஆர்.எஸ்.வி.பி. என்று அழைக்கின்றனர். ‘விரைத் தொடர்க் காட்சி முறை’ என்று தமிழில் சொல்லலாம். கென்னத் ஃபார்ஸ்டர் என்னும் உளவியல் ஆய்வாளர் 1970-இல் வாக்கியங்களை மனிதர் எப்படிப் புரிந்துகொள்கின்றனர் என்பதை அறிய இம்முறையைக் கையாண்டார். அப்போது அது ஆய்வுக்கூடக் கருவி மட்டுமே. 2014-இல் ‘ஸ்பிரிட்ஸ்’ என்னும் நிறுவனம் அதே முறையைத் திறன்கடிகாரத்திற்கும் கைப்பேசிக்கும் கொண்டுவந்தது. ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்து சிவப்பாக இருக்கும். கண் அங்கேயே நிலைத்திருந்தால் போதும், நிமிடத்திற்கு 1,000 சொற்கள்வரை படிக்கலாம் என்றும் விளம்பரம் செய்யப்பட்டது.

இந்தக் கூற்றை எடைபோட, கண் வழக்கமாக எப்படிப் படிக்கிறது என்பதை அறிய வேண்டும். வரியின்மேல் கண் சீராக வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிவினாடி நின்று, அடுத்த இடத்திற்குத் தாவும். இப்படித் தாவுவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆகவே, தாவலை நீக்கிவிட்டால் பெருமளவு நேரம் மிச்சமாகும் என்னும் வாதம் அவ்வளவு வலுவானதன்று. மேலும், ஆங்கிலம் படிப்போரின் தாவல்களில் நூற்றுக்குப் பத்துமுதல் பதினைந்துவரை பின்னோக்கியவை. புரியாத சொல்லையோ தவறாகப் புரிந்துகொண்ட தொடரையோ கண் திரும்பிச் சென்று பார்க்கிறது. 2014-இல் எலிசபெத் ஷாட்டர், கீத் ரேனர் ஆகியோர் உள்ளிட்ட குழு ஒன்று, படித்த சொற்களைத் திரும்பிப் பார்க்க முடியாதபடி மறைத்துப் பார்த்தது. திரும்பிப் பார்க்க இயலாதபோது வாக்கியத்தின் பொருள் சரியாகப் பிடிபடவில்லை. சிறு திரையில் தோன்றி மறையும் சொல்லும் அத்தகையதே, போனால் போனதுதான்.

ஒரு சிறு கணக்கும் இதை விளக்கும். நிமிடத்திற்கு 250 சொற்கள் என்றால் ஒரு சொல்லுக்கு 240 மில்லிவினாடி கிடைக்கும். 1,000 சொற்கள் என்றால் 60 மில்லிவினாடிதான். ஒருமுறை கண் இமைக்கவே 100 மில்லிவினாடிக்கு மேலாகும். அந்த வேகத்தில் வாசகர் இமைத்தால் ஒரு சொல்லாவது கண்ணில் படாமல் போய்விடும். அந்தச் சொல் ‘இல்லை’ என்பதாக இருந்தால் செய்தியே தலைகீழாகும்.

இவ்விடத்தில்தான் ஒலியின் துணை நாடப்பட்டது. கண்ணுக்குக் கிடைக்கும் இடம் சுருங்கிவிட்டது; காதுக்கோ அந்தக் கட்டுப்பாடு இல்லை. கைக்கணினிகள் புழக்கத்துக்கு வந்த 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சிலர், தோன்றி மறையும் சொற்களோடு அந்தந்த இடத்திற்குரிய ஒலிகளையும் சேர்த்துச் சோதித்தனர். கதையில் கதவு திறந்தால் கதவின் ஒலி, மழை பெய்தால் மழையின் ஒலி என்பது போன்ற ஏற்பாடு. வாசகர் கதையில் கூடுதலாக ஒன்றிவிடுவாரா என்பதே அவர்கள் அறிய விரும்பியவற்றுள் முதன்மையானது. வேகத்தைக் கூட்டுவது பற்றிய பேச்சே மிகுந்திருந்த ஒரு துறையில் இக்கேள்வி எழுந்தது பாராட்டத்தக்கது.

ஆயினும், ஒலி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது குரல். எழுத்தை ஒரு குரல் படித்துக் காட்ட, படிக்கப்படும் சொல் திரையில் தோன்றலாமே என்று கேட்கலாம். மெதுவான வேகத்தில் இது இயலும். நிமிடத்திற்கு 500 சொற்கள் என்றால் ஒரு சொல்லுக்கு 120 மில்லிவினாடிதான் உண்டு. ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதை அதற்குள் எந்த நாவாலும் உச்சரிக்க முடியாது. ஆகவே, குரல் சேர்ந்தால் வேகம் குரலின் வேகத்திற்கு இறங்கியே ஆக வேண்டும். விரைவாக ஓடும் எழுத்துக்குப் பொருந்துவது குரலன்று. வாக்கியம் முடிந்ததைக் காட்டும் மெல்லிய மணியோசையோ, பின்னணி ஒலியோதான்.

ஒலியும் எழுத்தும் ஒன்றுபட்டு வருவதும் அத்தனை எளிதன்று. தொலைக்காட்சியில் படத்திற்கும் ஒலிக்கும் இடையே எவ்வளவு விலகல் இருந்தால் மனிதர் கண்டுகொள்வர் என்பதற்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அளவு கூறியுள்ளது. ஒலி 45 மில்லிவினாடி முந்தினால் தெரிந்துவிடும். பிந்தினாலோ ஏறத்தாழ 125 மில்லிவினாடிவரை தெரிவதில்லை. மின்னலுக்குப் பிறகே இடியைக் கேட்டுப் பழகிய காது, ஒலி பிந்துவதைப் பொறுத்துக்கொள்கிறது போலும். கம்பியில்லா இயர்போன்கள் பலவற்றில் ஒலி 100 முதல் 200 மில்லிவினாடிவரை தாமதமாக வருவதுண்டு. காணொளி பார்க்கும்போது கைப்பேசி அதைக் கணக்கிட்டுப் படத்தையும் சற்றுப் பிந்தச் செய்கிறது. எழுத்தை ஓடவிடும் செயலி அவ்வாறு செய்யாவிட்டால், ‘பூனை’ என்னும் சொல்லுக்குரிய ஒலி அடுத்த சொல்லான ‘நாயை’ என்பதன்மேல் விழும்.

கதைக்கு அழகு சேர்க்கும் ஒலி, பாடத்திற்குத் தடையாவதும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் ரொக்சானா மொரேனோ, ரிச்சர்ட் மேயர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் எப்படி உண்டாகிறது, வாகனத்தின் பிரேக் எப்படி இயங்குகிறது என்பவற்றை விளக்கும் அசைவூட்டப் பாடங்களைப் பயன்படுத்தினர். சிலருக்கு விளக்கம் மட்டும் தரப்பட்டது. சிலருக்குப் பின்னணி இசையும் வேறு ஒலிகளும் சேர்த்துத் தரப்பட்டன. இசை சேர்ந்த பாடத்தைக் கற்றவர்கள் பின்னர் நடந்த தேர்வில் பின்தங்கினர். இசை இனிமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது மனத்தின் கொள்ளளவில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது. பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால்தான் மனத்தில் பதிகிறது என்று சொல்லும் மாணவர் இதைச் சிந்திக்கலாம். அதுவும் பாடல் வரிகள் உள்ள பாட்டென்றால் படிக்கும் சொல்லோடு கேட்கும் சொல் மோதுகிறது.

இனி, தமிழுக்கு வருவோம். ‘கடல்’, ‘அகம்’, ‘சங்கு’ ஆகிய மூன்றிலும் வருவது ககரமே; ஆனால் மூன்று இடத்திலும் அதன் ஒலிப்பு வேறு. இந்த வேறுபாட்டை எழுத்து காட்டுவதில்லை. காதால் கேட்டே பழக வேண்டும். வீட்டில் தமிழ்ப் பேச்சு குறைந்துவரும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் ஒரு மாணவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து கிடைக்கும்? திரையில் தெரியும் சொல்லைச் சரியான ஒலிப்போடு அப்போதே கேட்பது அவருக்கு ஓர் அலங்காரமன்று. படிக்கும் வழியே அதுதான். அதேவேளை, வீட்டில் ‘செஞ்சுக்கிட்டிருக்கேன்’ என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்குக் கருவி ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்று படித்துக் காட்டும். மின்னல் எஃப்.எம்., ஒலி 96.8 போன்ற வானொலிகளின் செய்தியறிக்கையைக் கேட்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது புதிதன்று. மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்தும் புதிது, ஒலியும் புதிது. அவர்களுக்குத் துணைபுரிய ஒலி சேர்த்தால் மட்டும் போதாது. வேகமும் குறைய வேண்டும்.

பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் எழுத்தைக் கரவோக்கேயில் பலரும் பார்த்திருப்பர். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1990-களில் இதையே எழுத்தறிவுக்குப் பயன்படுத்த முனைந்தார். தொலைக்காட்சியில் திரைப்பாடல் ஒலிக்கும்போது அதே மொழியில் வரிகள் கீழே தோன்றும். பாடப்படும் சொல் நிறம் மாறும். பாடல் ஏற்கெனவே மனப்பாடம் என்பதால், அடுத்து என்ன சொல் வரும் என்று பார்ப்பவர் எதிர்பார்க்கிறார். எழுத்து அந்த எதிர்பார்ப்பை உறுதிசெய்கிறது. தட்டுத்தடுமாறிப் படிப்பவர்களின் வாசிப்பு இதனால் மெல்ல முன்னேறியதாக அவருடைய குழுவினர் தெரிவித்தனர். இங்கே ஒலி எழுத்தை விரட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தெரிந்த ஒலி, தெரியாத எழுத்தைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது.

பார்வைக் குறைபாடு உள்ளவர்க்கும், எழுத்துகள் மனத்தில் குழம்பும் டிஸ்லெக்சியா உள்ளவர்க்கும் ஒலி இன்னும் இன்றியமையாதது. எழுத்தையும் குரலையும் வரிக்கு வரி இணைக்கும் ‘டெய்சி’ என்னும் ஒலிநூல் அமைப்பு 1990-களில் உருவானது இவர்களுக்காகவே. இன்றைய மின்னூல்கள் சிலவற்றில் படிக்கப்படும் வாக்கியம் தானே ஒளிர்வதற்கும் அதுவே முன்னோடி.

இணைய உள்ளடக்கத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான அனைத்துலக நெறிமுறைகள் 2008-இல் வெளிவந்தன. தானாக ஒலிக்கத் தொடங்கும் ஒலி 3 வினாடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும். தானாக நகரும் எழுத்து பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தோன்றி 5 வினாடிக்கு மேல் ஓடினால் அதையும் நிறுத்த முடிய வேண்டும் என்கின்றன அவை. நிறுத்துவது மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. ஒலிநூல் கேட்கும் செயலிகளில் பத்துப் பதினைந்து வினாடி பின்னே செல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. ஓடும் எழுத்துக்கு அதைவிட நுட்பமான ஒன்று தேவை: எத்தனை வினாடி என்று பாராமல், ஒரு வாக்கியம் பின்னே செல்லும் பொத்தான். அதை அழுத்தியதும் சொல்லும் குரலும் சேர்ந்தே திரும்ப வேண்டும். ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதைத் திரையின் அகலம் கருதிப் ‘பேசிக்கொண்டி’ என்று வெட்டாமல், ‘பேசிக்கொண்டிருந்தவர்கள்’ என்னும் பொருள்படும் இடத்தில் பிரிக்கவும் செயலிக்குக் கற்றுத்தர வேண்டும். ஆங்கிலத்திற்கு எழுதப்பட்ட நிரலுக்கு அது தெரியாது.