அவிலாத் தெரேசம்மாளின் குடிவழி: சான்றுகளும் முடிபுகளும்

கார்மேல் சபையைச் சீர்திருத்தியவரும் ஸ்பானிய உரைநடையை வளம்படுத்தியோருள் ஒருவருமான அவிலாத் தெரேசம்மாள் 1515ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் பிறந்தார். 1582ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மறைந்தார். 1622இல் இவர்க்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் சிறப்பினைப் பெண்டிருள் முதன்முதலாகப் பெற்றவரும் இவரே. இத்தகையாரின் பெற்றோர் எக்குடியினர் என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் புதிதாக எழுந்து, அறிஞரிடையே பெரும் வாதத்தை விளைத்தது. அவ்வாதத்தில் இருதிறத்தாரும் காட்டிய சான்றுகளை நிரல்படுத்தி, அவற்றான் நிறுவப்படுவது யாது, நிறுவப்படாதது யாது எனப் பகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதுபற்றி நிலவும் கொள்கைகளை மூன்றாக வகுக்கலாம். தந்தைவழி தாய்வழி இரண்டானும் அம்மையார் பழங்கிறித்தவ உயர்குடியினர் என்பது முதற் கொள்கை. தந்தைவழிப் பாட்டனார், யூத மரபினின்று கிறித்தவம் தழுவிய கொன்வெர்சோ என்னும் வகுப்பினர் என்பது இரண்டாவது. அம்மையார் பிறப்பால் யூதரே. அவருடைய ஞான நெறியும் அக்குருதியினின்றே தோன்றியது என்பது மூன்றாவது. இவற்றுள் பின்னைய இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர். அம்மயக்கமே வாதம் நெடிது நீண்டமைக்கு ஒரு காரணம் என்பது பின்னர் விளங்கும்.

1. பழைய வரலாற்றாசிரியர் கூற்று

அம்மையாரின் வரலாற்றை முதற்கண் எழுதியவர் இயேசு சபையைச் சார்ந்த பிரான்சிஸ்கோ தெ ரிபேரா. அவர் நூல் 1590இல் வெளிவந்தது. பின்னர், 1606இல், தியேகோ தெ யெப்பெஸ் பெயரால் மற்றொரு வரலாறு வெளிவந்தது. இவை அம்மையாரின் பெற்றோரை உயர்குடிப் பிறந்தோர் என்றே கூறுகின்றன. பட்டமளிப்பின் பொருட்டு நடைபெற்ற விசாரணைகளிற் சான்று பகர்ந்தோரும் அவ்வாறே கூறினர். தந்தையார் அலோன்சோ சாஞ்செஸ் தெ செபெதா. தாயார் பெயாத்ரிஸ் தெ அவுமாதா. செபெதா, அவுமாதா என்னும் இரு குடிப்பெயர்களும் காஸ்தீலிய நாட்டிற் பெருமை வாய்ந்தன. ஆதலின் ஐயுறுவதற்கு இடமில்லை என்று பின்னோரும் கொண்டனர்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. தந்தையார் பெயரில் உள்ள செபெதா என்பது அவர்தம் தந்தைவழி வந்த பெயரன்று. தாயாராகிய இனேஸ் தெ செபெதாவின் பெயர். தந்தைவழி வந்தது சாஞ்செஸ் என்பதே. அக்கால ஸ்பெயினில் தாய்வழிப் பெயரை ஏற்பது வழக்காறாதலின், இதனை மட்டும் கொண்டு மறைப்பு என முடிபு கூறுதல் பொருந்தாது. எனினும், செபெதா குடியின் பெருமை பாட்டியாரின் பெருமையே ஆகும். அது பாட்டனார் யார் என்னும் வினாவிற்கு விடையாகாது. பழைய வரலாற்றாசிரியர் இவ்வேறுபாட்டினைக் கருதினாரல்லர்.

2. குடித்தூய்மை என்னும் கொள்கை

அக்காலத்தார் இதனை வெளிப்படப் பேசாமைக்குக் காரணம் உண்டு. 1391இல் நிகழ்ந்த கொடுங்கலகங்களின் பின்னர் யூதர் பலர் அச்சத்தால் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களும் அவர்தம் வழியினரும் கொன்வெர்சோ எனப்பட்டனர். 1449இல் தொலேதோ நகரத்தார், இவ்வகுப்பினர் நகரப் பதவிகளை வகித்தலாகாது என விதி செய்தனர். பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலாஸ் அவ்வாண்டிலேயே அதனைக் கண்டித்தார். எனினும் அக்கருத்து அழிந்திலது. 1547இல் தொலேதோத் தலைமைக் கோவில் தூய குருதி உடையாரையே பணியிற் சேர்க்கும் விதியை ஏற்றது. இயேசு சபையும் 1593இல் அத்தகைய விதியினை மேற்கொண்டது. அச்சபையின் இரண்டாந் தலைவராகிய தியேகோ லாயினெஸ் கொன்வெர்சோ வழியினர் என்பதனை எண்ணின் இவ்விதியின் முரண்பாடு புலனாகும்.

எனவே, பாட்டனார் கொன்வெர்சோ என்பது வெளிப்படின், பேரனும் பேர்த்தியும் பதவி, மணம், துறவு என யாங்கணும் இடர்ப்படுவர். இத்தகைய சூழலில் ஒரு குடும்பத்தார் தம் முன்னோரைப்பற்றித் தாமே கூறுவதும், அயலார் அவர்பொருட்டு மரியாதை கருதிக் கூறுவதும் தனிச்சான்றாகா.

3. வல்லதோலித் வழக்கு

1946இல் நார்சிசோ அலோன்சோ கோர்த்தெஸ் என்னும் அறிஞர், வல்லதோலித் உயர்நீதிமன்றக் காப்பகத்திற் கண்ட வழக்கேடுகளைப் பற்றி ஸ்பானிய அரச கழகத்தின் இதழில் எழுதினார். அவ்வழக்கு அம்மையாரின் தந்தையும் அவர் உடன்பிறந்தாரும் தொடுத்தது. இதால்கோ என்னும் உயர்குடியினர்க்குச் சில வரிகள் இல்லை. 1519இல் இவ்வுடன்பிறந்தாரிடம் வரி கேட்கப்பட்டபொழுது, தாங்கள் இதால்கோக்கள் என்றும், வரி செலுத்தக் கடவரல்லர் என்றும் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். சில ஆண்டுகளில் தீர்ப்பு அவர்க்குச் சார்பாகவே அமைந்தது.

அவ்வழக்கின் நடுவே ஒரு செய்தி புகுந்தது. இவர்தம் தந்தை ஹுவான் சாஞ்செஸ் தெ தொலேதோ என்னும் வணிகர். அவர் 1485ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22ஆம் நாள் தொலேதோ நகரில் சமய விசாரணை மன்றத்தார் முன் தாமாகவே சென்று, சமயத் திரிபும் சமயத் துறப்பும் ஆகிய குற்றங்களை ஒப்புக்கொண்டு, திருச்சபையோடு ஒப்புரவு செய்யப்பெற்றார் என்பதே அது. சம்பெனித்தோ என்னும் இழிவுடை அணிந்து, ஏழு வெள்ளிக்கிழமை மற்றவரோடு ஊர்வலமாகக் கோவில்களுக்குச் செல்லுதல் அவர்க்கு இட்ட தண்டமாகும். அந்நாளில் தெரேசம்மாளின் தந்தையார் ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவர். இதன் பின்னரே அக்குடும்பம் அவிலாவிற் குடியேறிற்று.

இவ்வேடுகள் பின்னர்க் காப்பகத்தினின்றும் காணாமற்போயின. பல்லாண்டு கழித்தே மீண்டும் கிடைத்தன. 1986இல் கார்மேல் சபைத் துறவியாகிய தெயோபானெஸ் எகிதோ அவற்றை நூலாகப் பதிப்பித்தார். அம்மையாரின் சபையைச் சார்ந்த ஒருவரே அதனை வெளியிட்டமை, அறிவு நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

4. தடைகளும் விடைகளும்

முதல் தடை: ஹுவான் சாஞ்செஸ் என்பது மிகப் பரவலான பெயர், விசாரணை மன்றத்தார் முன் நின்றவர் வேறொருவராகலாம் என்பது. தனியேட்டில் இப்பெயர் காணப்படின் இத்தடை வலியுடைத்து. ஆயின், இச்செய்தி அக்குடும்பத்தாரின் சொந்த வழக்கினுள்ளே, அவர்தம் தந்தையைக் குறித்தே கொண்டுவரப்பட்டது. வழக்காடியோர்க்கு ஒப்புரவுச் செய்தி பேரிடர் விளைப்பது. அவர் தம் நலத்திற்கு மாறாகவும் அது ஏட்டில் நிற்றலின், அதன் வலிமை மிகும்.

இரண்டாவது தடை: வழக்கில் வென்றமையான் அவர்கள் உயர்குடியினரே என்பது. தீர்ப்பு கூறியது வரிவிலக்கு உரிமையைப் பற்றியே அன்றிக் குருதியைப் பற்றியன்று. இதால்கோத் தன்மை, ஊரார் கூற்றாலும் நெடுநாள் வழக்கத்தாலும் நிறுவப்படுவது. சான்று கூறுவோரைத் திரட்டும் வன்மை செல்வர்க்கு எளிது. ஆகலின், தீர்ப்பு ஒரு சமுதாய நிலையை உறுதிப்படுத்துகின்றது, மரபினை உறுதிப்படுத்தவில்லை.

மூன்றாவது தடையே ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒப்புரவு ஏடு சமயத் திரிபு, சமயத் துறப்பு என்று கூறுகின்றதே அன்றி, அவர் யூத மரபினர் என வெளிப்படக் கூறவில்லை. பழங்கிறித்தவரே யூத ஒழுக்கத்தை மேற்கொண்டு, பின்னர் மனம் திரும்பியிருத்தல் கூடும் என்பர் ஒரு சாரார். ஏட்டின் சொற்களை மட்டும் கொள்ளின் இது கூடாதது அன்று. ஆயின் இடமும் காலமும் உடன் வைத்து நோக்குதல் வேண்டும். சமய விசாரணை மன்றம் தொலேதோவிற்கு வந்த ஆண்டு 1485. அவ்வாண்டில் அருட்காலம் அறிவித்து மக்களை அழைத்தது, மறைவில் யூத ஒழுக்கம் காப்போரைக் கண்டறிதற்பொருட்டே. ஒப்புரவு பெற்றோர் பெரும்பான்மையும் கொன்வெர்சோக்களே. துணி வணிகமும் அந்நகரிற் பெரிதும் அவர் கையிலிருந்தது. பொதுவிதி ஒருபால் நிற்க, அருகிய விலக்கினை மேற்கொள்வோரே தனிச்சான்று காட்டக் கடமைப்பட்டவர். அத்தகைய சான்று எதுவும் காட்டப்படவில்லை.

இதன்கண் மற்றொரு நுட்பமும் உண்டு. பாட்டனார் யூதராய்ப் பிறந்து மதம் மாறியவர் எனப் பலர் எழுதுகின்றனர். அஃது ஏட்டினாற் பெறப்படுவதன்று. திருமுழுக்குப் பெறாத யூதர்மேல் சமயத்துறப்புக் குற்றம் சாராது. குற்றம் சாரவே, அவர் 1485க்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றவர் என்பது தெளிவு. அவரே மதம் மாறினரோ, அவர்தம் தந்தையோ பாட்டனோ மாறினரோ என்பது இவ்வேட்டினால் துணியப்படுவதன்று.

தாய்வழியைப் பொறுத்தவரை இத்தகைய ஏடு யாதும் காட்டப்பெறவில்லை. அவுமாதா குடியினரைப் பழங்கிறித்தவர் என்றே பொதுவாகக் கொள்வர். ஆகவே, அம்மையாரின் பெற்றோர் யூதர் என்னும் கூற்று மிகைக்கூற்றாம். தந்தையார் கிறித்தவராய்ப் பிறந்து கிறித்தவராய் வளர்ந்தவர். தந்தைவழிப் பாட்டனார் கொன்வெர்சோ என்பதே சான்று தாங்கும் அளவு.

5. அம்மையார் இதனை அறிந்திருந்தனரா?

வழக்குத் தொடங்கியபொழுது அம்மையார் நான்கு வயதுக் குழவி. தம் வாழ்க்கை வரலாற்றின் தொடக்கத்திற் பெற்றோரின் நற்பண்புகளையும் இறையச்சத்தையும் கூறும் அவர், குடிப்பெருமை பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அறிந்தே மறைத்தனர் என்பர் சிலர். துறவியாதலின் அதனைப் பொருட்படுத்திலர் என்பர் வேறு சிலர். மௌனம் இரண்டிற்கும் இடந்தரும். எனவே ஒன்றனையும் நிறுவாது.

அம்மையாரின் நண்பராகிய ஹெரோனிமோ கிராசியான் குறித்த செய்தி இதனினும் பயனுடையது. அவர் அம்மையாரின் குடிப்பெருமையை ஆராய்ந்து கூறத் தொடங்கியபொழுது, அம்மையார் சினங்கொண்டு, திருச்சபையின் மகளாயிருத்தலே தமக்குப் போதும் என்றும், இழிந்தோர் வழியிற் பிறத்தலினும் ஓர் அற்பப் பாவம் செய்தலே தமக்குத் துயர் தருவது என்றும் உரைத்தனராம். ‘நிறைவின் வழி’ என்னும் நூலிலும், கன்னியர் தம் குலம் பேசுதல் ஆகாது என விலக்குகின்றார். 1569இல் தொலேதோ மடத்தை நிறுவியபொழுது, உயர்குடியல்லாத ஒரு வணிகக் குடும்பத்தாரின் உதவியை ஏற்றலாகாது எனப் பெரியோர் சிலர் தடுத்தனர். அம்மையாரோ அதனை ஏற்றனர். தாம் வகுத்த சபை விதிகளிலும் குடித்தூய்மையை அவர் வேண்டினாரல்லர். இவை அனைத்தும் அவர் தம் மரபினை அறிந்திருந்தனர் என்பதற்கு இயைபுடையன. ஆயினும் அறியாத ஒருவரும் நற்செய்தி நெறியால் இவ்வாறு ஒழுகுதல் கூடும். ஆகலின் இதனை உய்த்துணர்வு என்னும் அளவில் நிறுத்துதலே முறை.

6. குடிவழியும் ஞானமும்

மூன்றாங் கொள்கையினர் இன்னும் ஒருபடி செல்வர். 1577இல் எழுதப்பெற்ற ‘உட்கோட்டை’ நூலில் ஆன்மாவினுள் ஏழு உறைவிடங்கள் கூறப்படுதலின், அதனை யூத மறைஞான மரபோடு ஒப்பிட்டு, பாட்டனார் வழியே அது வந்தது எனச் சிலர் கருதுவர். ஒப்புமை வேறு, கொடைவழி வேறு. கருத்து ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் செல்ல நூலோ ஆசிரியரோ வேண்டும். அம்மையார் தாம் பயின்றனவாகக் கூறுவன பிரான்சிஸ்கோ தெ ஓசுனாவின் தியான நூல், புனித ஜெரோமின் திருமுகங்கள், அகுஸ்தீனாரின் ஒப்புதல் நூல் முதலியன. இவ்வழி கண்கூடாக இருக்க, பாட்டனாரின் குருதியைக் காரணமாகக் கூறுதல் ஏற்புடைத்தன்று.

குருதியே சமய நினைவைச் சுமந்துவரும் என்பது தொலேதோ நகரத்தார் 1449இல் கொண்ட கொள்கை. அக்கொள்கையால் அவர்கள் பழித்தனர். மூன்றாங் கொள்கையினர் அதனையே கொண்டு புகழ்கின்றனர். பழிப்பு புகழ்ச்சியாயினமையால் அடிப்படைப் பிழை நீங்கிவிடாது. மரபு ஒருவர்க்குத் தருவது கருத்தன்று, சூழ்நிலையே. வணிகக் குடும்பத்தின் செல்வம், நூல் பயிலும் தந்தை, எந்நேரமும் உடையக்கூடிய மானம், அதனைக் காக்கும் கவலை ஆகியன அச்சூழ்நிலையின் கூறுகள். மானம் என்னும் உலகியல் மதிப்பினை அம்மையார் தம் நூல்களில் மீண்டும் மீண்டும் கண்டித்தலை இச்சூழ்நிலை நன்கு விளக்கும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், முதற் கொள்கை தந்தைவழியைப் பொறுத்துக் கைவிடத்தக்கது என்பதும், இரண்டாவது ஏட்டுச்சான்றும் சூழலும் ஒருங்கே தாங்குவதால் கொள்ளத்தக்கது என்பதும், மூன்றாவது சான்றின் எல்லையைக் கடந்தது என்பதும் பெறப்பட்டன. பெருமை பெற்றோர்தம் பிறப்பினை ஆராயுங்கால், ஏடு கூறுவது, ஏட்டினின்று உய்த்துணர்வது, விருப்பத்தால் ஏற்றிக் கூறுவது என்னும் மூன்றனையும் வேறுபிரித்தல் ஆராய்ச்சியாளர் முதற்கடனாகும். அவ்வாறு பிரித்து நோக்கின், தெரேசம்மாளின் புகழ் குன்றுதற்கு இடமில்லை. இழிவுடை அணிவிக்கப்பெற்று ஊர்வலம் சென்ற ஒரு வணிகரின் பேர்த்தி, குலம் வினவாத மடங்களை அக்காலத்திலேயே நிறுவினார் என்னும் செய்தியோ, புனைந்துரைத்த உயர்குடிப் பிறப்பினும் வரலாற்றுக்கு மிக்க பயன் தருவதாகும்.