தப்பெண்ணம் என்பது யாது?

ஒருவரை அறியுமுன்பே, அவர் இன்ன பிரிவினர் என்பதை மட்டும் கொண்டு அவரைப் பற்றி முடிவு கட்டிவிடுவதே தப்பெண்ணம் எனப்படும். தவறான கருத்துகள் யாவும் தப்பெண்ணம் ஆகிவிடா. அறியாமையால் கொண்ட கருத்து, உண்மை தெரிந்ததும் திருந்திவிடும். தப்பெண்ணமோ சான்றுகளைக் கண்டும் அசையாது. தனக்கு ஒத்தவற்றை நினைவில் இருத்தி, மாறானவற்றை 'விதிவிலக்கு' என ஒதுக்கிவிடும்.

இத்தகைய எண்ணம் சட்டமாகவும் பதிவேடாகவும் உருப்பெற்றால் என்ன நேரும் என்பதற்கு ஐதராபாத் நகரின் வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

பதிவேட்டில் ஏறிய ஐயம்

இன்று நாம் திருநங்கையர் என மதிப்புடன் அழைக்கும் மக்களைக் குறிவைத்து, நிஜாம் ஆட்சியில், பசலி 1329-இல், அதாவது 1919-ஆம் ஆண்டில், ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆங்கிலேயர் 1871-இல் இயற்றிய குற்றப் பழங்குடியினர் சட்டத்திலும் இதையொத்த பகுதி இருந்தது. நகரில் வாழ்ந்த இம்மக்களுள், சிறுவரைக் கடத்துவோர், ஆண்மை நீக்குவோர் முதலானோர் என ஐயுறப்பட்டவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் குறித்து வைக்க ஐதராபாத் சட்டம் ஆணையிட்டது. பதிவு பெற்றவர் பெண் உடையிலோ அணிகலன்களுடனோ தெருவில் காணப்பட்டாலும், பொது இடத்தில் ஆடினாலும், பிடியாணையின்றிக் கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

கடத்தல் யார் செய்யினும் குற்றமே. அதைத் தண்டிக்கப் பொதுவான சட்டம் போதும். இச்சட்டமோ செயலை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தது. மெய்ப்பிக்கப்படாத ஐயம் பதிவுக்குக் காரணமாயிற்று. பதிவு ஏற்பட்டபின் உடுத்த உடையே குற்றமாயிற்று. தப்பெண்ணத்தின் இயல்பு இதில் தெளிவாக விளங்குகிறது.

1948-இல் நிஜாம் ஆட்சி முடிவுற்றது. 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 1956-இலும் 2014-இலும் மாநில எல்லைகள் மாறின. ஆயினும் இச்சட்டம் ஏட்டில் நிலைத்திருந்தது. மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2018-இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2023 ஜூலையில் தெலங்கானா உயர் நீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாக்கும் இச்சட்டம், சமத்துவத்தையும் கண்ணியமான வாழ்வையும் உறுதி செய்யும் 14, 21-ஆம் பிரிவுகளுக்கு முரணானது என அது தீர்ப்பளித்தது.

நமது கடமை

சட்டம் நீங்க 104 ஆண்டுகள் ஆயின. வீடு வாடகைக்கு மறுப்பவரிடமும், பணி மறுப்பவரிடமும் அதை ஈன்ற எண்ணம் இன்னும் தங்கியிருக்கக்கூடும். அதைத் தீர்ப்பால் மட்டும் நீக்க இயலாது. ஒரு மனுவின்மீது குறிப்பு எழுதும் அலுவலர், மனுதாரரின் பெயரும் பிறப்பும் தோற்றமும் தமக்குத் தெரியாதிருந்தால் இதே முடிவைத்தான் எழுதுவோமா எனத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 'இல்லை' என்று மனம் சொல்லுமாயின், எழுதுகோலைச் சற்றே நிறுத்தி, கோப்பை மீண்டும் முதலிலிருந்து படிப்பதே முறை.